இலையா, பூச்சியா: வீட்டுக்கு வந்த இலைப்பூச்சியை அருகில் பார்க்கவும் படமெடுக்கவும்

இரவு விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒரு பச்சை இலை ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் வந்து விழுந்ததென்று நினைத்து எடுக்கக் கையை நீட்டினால், இலை ஓரடி தள்ளி உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் அதற்குக் கால்களும் கண்களும் தெரியும். உடனே போனை எடுத்து, முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்து நாலு படம் எடுப்போம். நாலிலும் ஒரு வெளிறிய பச்சைத் திட்டுதான் மிஞ்சும். அதற்குள் பூச்சி திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடும்.

நானும் பல காலம் அப்படித்தான் எடுத்தேன். படம் சரியாக வராததற்குக் காரணம் கேமரா என்று நினைத்திருந்தேன். உண்மையில் நான் பூச்சியைப் பார்க்கவே இல்லை. இலை மாதிரி நடிக்கும் பூச்சியைப் படமெடுக்கும்போது என்னைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: இலை எங்கே முடிகிறது, பூச்சி எங்கே தொடங்குகிறது? அந்த இடம் படத்தில் தெரிந்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

முதலில், வந்திருப்பது யார்?

இலை வேடம் போடும் பூச்சிகள் பல குடும்பங்களில் உண்டு. வீட்டு விளக்குக்கு வருவது பெரும்பாலும் இலை வெட்டுக்கிளி. டெட்டிகோனிடே என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. உணர்கொம்பைப் பார்த்தாலே அடையாளம் தெரியும்: முடிபோல மெல்லிசாக, உடம்பைவிட நீளமாக இருக்கும். வயலில் கூட்டமாகப் பார்க்கும் சாதாரண வெட்டுக்கிளிக்கு உணர்கொம்பு கட்டையாக இருக்கும்.

அசல் இலைப்பூச்சி வேறு. அது குச்சிப்பூச்சிக்குச் சொந்தம். குடும்பத்தின் பெயர் ஃபில்லிடே. தட்டையான உடம்பு, இலைத்துணுக்குபோல அகன்ற கால்கள், ஓரங்களில் யாரோ கடித்தது போன்ற வளைவுகள். ஜெர்மனியின் மெசல் படுகையில் கிடைத்த 4 கோடியே 70 லட்சம் ஆண்டுப் பழைய இலைப்பூச்சிப் புதைபடிவம் 2007-இல் விவரிக்கப்பட்டது. இன்றுள்ள இலைப்பூச்சியின் சாயல் அப்போதே அதற்கு இருந்தது. இது விளக்குக்குத் தேடி வருவது அபூர்வம். செடியில்தான் கிடைக்கும், அல்லது யாராவது வளர்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது வகை, காய்ந்த இலைபோல இறக்கையை மடித்து உட்காரும் அந்துப்பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும். இலை வேடமிட்ட கும்பிடுபூச்சிகளும் உண்டு.

பெயர் உறுதியாகாவிட்டால் பரவாயில்லை. ஆனால் எந்த வகை என்பதாவது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கேமராவை எங்கே வைப்பது என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. இலை வெட்டுக்கிளி இறக்கைகளைக் கூரைபோல இருபுறமும் சாய்த்து மடித்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் முழு இலை. மேலிருந்து பார்த்தால் ஒல்லியான ஒரு கோடு. அசல் இலைப்பூச்சிக்கு இது அப்படியே தலைகீழ்: மேலிருந்து இலை, பக்கவாட்டில் கோடு. வெட்டுக்கிளியை மேலிருந்தும் இலைப்பூச்சியைப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டு, “நேரில் அவ்வளவு அழகாக இருந்தது, படத்தில் ஒன்றுமே இல்லை” என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. மடித்த இறக்கையோடு உட்காரும் வண்ணத்துப்பூச்சிக்கும் பக்கவாட்டுக் கோணம்தான்.

பிடிக்காமல் இடம் மாற்றுவது

மின்விசிறியை நிறுத்துங்கள். பூனை இருந்தால் வேறு அறைக்கு அனுப்புங்கள். இதுவரை எனக்குக் கெட்டுப்போன வாய்ப்புகளில் பாதி இந்த இரண்டையும் மறந்ததால்தான்.

கையால் பிடிக்கவே கூடாது. ஒருமுறை அவசரத்தில் வாயகன்ற பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தேன். பின்னங்கால் ஒன்று விளிம்பில் மாட்டிக்கொண்டது. நான் பாட்டிலைத் தூக்குவதற்குள் அந்தக் காலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூச்சி தாவிவிட்டது. சுவரோரம் கிடந்த கால் மட்டும் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருந்தது. எதிரியிடம் மாட்டினால் காலை விட்டுவிட்டுத் தப்பிப்பது வெட்டுக்கிளியின் வழக்கம். வளர்ந்த பூச்சிக்கு இனித் தோலுரிப்பு கிடையாது என்பதால் போன கால் போனதுதான். குஞ்சுப் பருவத்து இலைப்பூச்சிக்கும் குச்சிப்பூச்சிக்கும் அடுத்தடுத்த தோலுரிப்பில் கால் மீண்டும் முளைக்கும். அந்தச் சலுகை இதற்கு இல்லை. பெரிய வெட்டுக்கிளிகள் கடிக்கவும் செய்யும். விஷமில்லை, ஆனால் சுருக்கென்றிருக்கும்.

பூச்சிக்கு முன்னால் ஒரு குச்சியை நீட்டிப் பின்பக்கம் லேசாக ஒரு தாளின் ஓரத்தால் தொடுங்கள். தானே ஏறிக்கொள்ளும். ஏறியதும் மேல்நோக்கித்தான் நடக்கும். நுனியை அடையப் போகும்போது குச்சியைத் தலைகீழாகத் திருப்புங்கள், மறுபடி மேலே நடக்கத் தொடங்கும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் அலுத்து நின்றுவிடும். குச்சியை மண் நிரப்பிய டம்ளரில் நட்டுவிடுங்கள். அதுதான் உங்கள் மேடை.

நீங்கள் நெருங்கினால் பூச்சி குச்சியின் மறுபக்கம் சுற்றிப் போய் ஒளிந்துகொள்ளும். துரத்திக்கொண்டு நீங்களும் சுற்ற வேண்டாம். ஒரு கையை அந்தப் பக்கம் மெதுவாகக் கொண்டுபோனால் அது கையிடமிருந்து விலகிக் கேமராவின் பக்கம் வந்து நிற்கும். சின்ன உபாயம்தான், எனக்கு இது தெரியவே வருஷங்கள் ஆயின.

சிலர் பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கச் செய்து எடுப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. குளிரில் கால்கள் ஒடுங்கி உணர்கொம்பு தளர்ந்த பூச்சி, பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்குப் படத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அசையாத பூச்சி வேண்டுமென்றால் விடியற்காலையில் எடுங்கள். அந்தக் குளுமையில் அதுவே மந்தமாக இருக்கும்.

கேமராவைத் தொடாமல் பதினைந்து நிமிடம்

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்று இருந்தால் போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு தலையை முன்னே கொண்டுபோக வேண்டும். கையை நீட்டி லென்ஸைப் பூச்சியருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. மூச்சை நேராகப் பூச்சிமேல் விடாதீர்கள். காற்றசைவு பட்டவுடன் வெட்டுக்கிளி உஷாராகிவிடும். அசல் இலைப்பூச்சியோ, காற்றில் ஆடும் இலைபோல உடம்பை இருபுறமும் ஆட்டத் தொடங்கும். அதை வீடியோ எடுக்க வேண்டுமென்றால் மட்டும் லேசாக ஊதிப் பார்க்கலாம்.

இலை வெட்டுக்கிளி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் கண். கூட்டுக்கண்ணின் நடுவே ஒரு கரும்புள்ளி தெரியும். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் புள்ளியும் நகரும், வலப்பக்கம் போனால் கூடவே வரும். உங்களையே முறைப்பதுபோல இருக்கும். உண்மையில் அங்கே கண்மணி எதுவும் இல்லை. கூட்டுக்கண் பல சிறுகண்கள் சேர்ந்தது; அவற்றில் உங்களை நேராகப் பார்த்து நிற்பவற்றுக்குள் ஒளி புகுந்து திரும்பாததால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. கும்பிடுபூச்சியில் இது இன்னும் துலக்கம். இதை நினைவில் வையுங்கள். ஃபோகஸ் பேசும்போது திரும்ப வருவோம்.

அடுத்து காது. தலையில் தேடாதீர்கள். முன்னங்காலின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் கொஞ்சம் பருத்திருக்கும் இடத்தில், நெல் உமி கீறினாற்போல ஒரு பிளவு இருக்கும். சில இனங்களில் அது திறந்த நீள்வட்டமாகவே தெரியும். கால் எலும்பில் காது இருப்பதுபோல வினோதம். கொலம்பியாவின் கோர்கோனா தீவில் வாழும் ஒரு வெட்டுக்கிளியை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள்: நம் காதைப் போலவே செவிப்பறை, நெம்புகோல்போல அதிர்வைக் கடத்தும் ஓர் அமைப்பு, திரவம் நிறைந்த ஒரு பகுதி என மூன்று கட்டமும் அந்தக் காலுக்குள் இருந்தன. இதைப் படித்த பிறகு முன்னங்காலை மட்டும் நெருக்கத்தில் எடுக்காமல் நான் எந்த வெட்டுக்கிளியையும் விட்டதில்லை.

ஆணா பெண்ணா என்று பாருங்கள். வயிற்றின் நுனியில் அரிவாள்போலவோ வாள்போலவோ ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தால் பெண். அது முட்டையிடும் உறுப்பு, கொடுக்கு அல்ல. பார்த்ததும் பயந்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பாவம். ஆணுக்குத் தோளுக்குப் பின்னால், இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் நிறம் மாறிய சின்னத் திட்டு இருக்கும். அதுதான் அதன் வாத்தியம். இடது இறக்கை மேலே, வலது கீழே. இடதிலுள்ள அரம் வலதின் விளிம்பில் உரசிச் சத்தம் எழும்புகிறது. சில இனங்களின் பாட்டு நம் செவிக்கு எட்டாத உச்சத்தில் இருப்பதால், இறக்கை நடுங்குவது தெரிந்தும் சத்தம் கேட்காமல் போகலாம்.

கொஞ்ச நேரம் பொறுத்தால் அது தன்னைச் சுத்தம் செய்யத் தொடங்கும். முன்னங்காலால் உணர்கொம்பை வளைத்து வாய்க்குக் கொண்டுவரும். அடியிலிருந்து நுனிவரை, தலைமுடியில் சிக்கெடுப்பதுபோல நிதானமாக வாய்க்குள் விட்டு இழுக்கும். நுனி விடுபட்டதும் கொம்பு சட்டென்று நிமிரும். பிறகு பாதத்தை நக்கும். இப்படி ஈடுபட்டிருக்கும் பூச்சி உங்களைச் சட்டை செய்யாது. படமெடுக்க நல்ல நேரம் இதுதான்.

இன்னொரு வழி தண்ணீர். குச்சியில் அதன் வாய்க்கு முன்னால் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். தாகமிருந்தால் குனிந்து குடிக்கும், குடிக்கும்வரை நகராது. வாயோரத்து உணர்விரல்கள் அசைவதையும் அப்போது பார்க்கலாம்.

வெளிச்சம்: பச்சை ஏன் வெள்ளையாகிறது

பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். இந்தப் பூச்சிகளின் மேல்தோல் பளபளப்பானது. நேராக அடித்த ஃபிளாஷ் அதில் பட்டுத் திரும்பி, இறக்கையின் நரம்புகளை அழித்து வெள்ளைத் திட்டாக்கிவிடும். ஆகவே ஒளி பெரிதாகவும் மென்மையாகவும் பக்கத்திலிருந்தும் வரவேண்டும். பெரிது என்றால் பூச்சியின் அளவோடு ஒப்பிட்டுப் பெரிது. ஓர் ஏ4 தாள் போதும்.

மேசை விளக்கு அல்லது டார்ச்சை இடப்பக்கம், பூச்சிக்குச் சற்று மேலே வையுங்கள். நடுவில் ஒரு வெள்ளைத் தாளை, பூச்சிக்கு ஒரு சாண் தூரத்தில், திரைபோலப் பிடியுங்கள். வலப்பக்கம் இன்னொரு வெள்ளைத் தாள். அது நிழலைக் கொஞ்சம் தணிக்கும். விளக்குச் சூடாகும் ரகமானால் தாளையும் பூச்சியையும் தள்ளி வையுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். மஞ்சள் விளக்கும் வெள்ளை விளக்கும் கலந்தால் பச்சை அழுக்காகத் தெரியும், பிறகு எந்தச் செயலியிலும் அதைச் சரிசெய்ய முடியாது. மலிவான எல்இடி விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுவதுண்டு. விழுந்தால் ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் விளக்கை மாற்றுங்கள்.

பகலென்றால் இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். நேர் வெயில் படாத ஜன்னலோரம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாள், அவ்வளவுதான். என் மனசுக்குப் பிடித்த படங்கள் எல்லாம் ஜன்னலோரத்தில் எடுத்தவையே.

வேடத்தை அம்பலப்படுத்த வேண்டுமானால் விளக்கைப் பூச்சிக்குப் பின்னால் கொண்டுபோங்கள். இறக்கை ஒளிரத் தொடங்கும். நடுநரம்பு, கிளைநரம்பு என்று முதலில் அசல் இலையாகவே தோன்றும். அப்படியே கொஞ்சம் நெருங்கினால், இடைவெளிகளைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரப்பும் வலைப்பின்னல் தெரியும். பக்கத்தில் உண்மையான இலை ஒன்றையும் அதே ஒளியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பொழுது போவதே தெரியாது.

ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறம் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதை விடாதீர்கள். உள்விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி எடுத்தால் வேறெப்படியும் கிடைக்காத அடிப்பக்கம் கிடைக்கும்: பாதத்தின் மெத்தைகள், வாய், மூச்சுக்கு ஏறி இறங்கும் வயிறு. பாதத்தில் கணுக்கள் எத்தனை என்று எண்ணலாம். இலை வெட்டுக்கிளிக்கு நான்கு, கட்டைக் கொம்புள்ள வெட்டுக்கிளிக்கு மூன்று.

போனில் எடுப்பது

போனில் ‘மேக்ரோ’ என்று தனியாக ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் அதை நம்பிவிடாதீர்கள். குறைந்த பிக்சல் உள்ளதாக இருந்தால், பிரதான கேமராவில் ஒரு சாண் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வதே தெளிவாக இருக்கும். அகலக்கோண லென்ஸிலேயே ஆட்டோஃபோகஸ் உள்ள போன்கள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்வரை நெருங்கும். அவை நன்றாக வேலை செய்யும், ஆனால் அவ்வளவு அருகில் போனின் நிழலே பூச்சிமேல் விழும். பக்கவாட்டு ஒளி அதனால்தான் வேண்டும். மேலே மாட்டும் கிளிப் லென்ஸும் நல்லதே. வாங்கும்போது பெருக்கத்தைப் பார்த்து மயங்காமல், பூச்சிக்கும் லென்ஸுக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறது என்று பாருங்கள்.

திரையில் பூச்சியின் கண்ணை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தை விரலால் கொஞ்சம் கீழே இழுங்கள். பச்சை திரும்பி வரும். ஃபோகஸ் பூட்டியபின் போனையே இம்மி இம்மியாக முன்னும் பின்னும் நகர்த்தியபடி தொடர்ந்து பல படங்கள் எடுங்கள். ஒன்றிரண்டு தேறும். போனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்து இரண்டு விநாடி டைமரில் எடுத்தால் கை நடுக்கமும் இல்லை.

கேமரா இருந்தால்

1:1 பெருக்கம் (பூச்சியின் அசல் அளவே சென்சாரில் பதிவது) தரும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் லென்ஸின் துளை எஃப்/8 முதல் எஃப்/11 வரை (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் 1/160 அல்லது 1/200, ஐஎஸ்ஓ 100-இலிருந்து 400, தாளால் மறைத்த ஃபிளாஷ். இதிலிருந்து தொடங்கினால் பெரிதாகத் தவறாது. மேக்ரோ லென்ஸ் இல்லையென்றால் 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம் வாங்கலாம். ஏறக்குறைய அதே பெருக்கம் கிடைக்கும். ஆட்டோஃபோகஸ் போய்விடும், அதனால் இங்கே நஷ்டமில்லை.

இவ்வளவு நெருக்கத்தில், முழு ஃபிரேம் கேமராவில் எஃப்/8 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் கொம்பு மங்கும். எஃப்/22-க்குப் போய்விடலாமே என்று தோன்றும். போனால் சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி மொத்தப் படமும் மொண்ணையாகிவிடும். அதைவிட, பூச்சியின் தட்டையான பக்கத்துக்கு இணையாகக் கேமராவை நிறுத்துங்கள். வெட்டுக்கிளியின் பக்கவாட்டும் இலைப்பூச்சியின் முதுகும் கிட்டத்தட்ட ஒரே தளம் என்பதால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே நிறைய அடங்கிவிடும். முகத்தை எடுக்கும்போது மட்டும் எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். முன்பு சொன்ன கரும்புள்ளி இருக்கிறதே, ஃபோகஸை அதில் வையுங்கள். புள்ளி தெளிவாக இருந்தால் மற்றது மங்கினாலும் பூச்சி உங்களைப் பார்ப்பதுபோலவே இருக்கும். அசையாத பூச்சியென்றால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்கலாம். உணர்கொம்பு ஆடிக்கொண்டே இருக்கும் வெட்டுக்கிளியிடம் இது பலிக்காது.

பின்னணி

இரண்டு வகைப் படமும் எடுங்கள். ஒன்று அதே சாயல் இலைகளுக்கு நடுவே, பார்ப்பவர் தேடிக் கண்டுபிடிக்கும்படி. இன்னொன்று வெள்ளைத் தாள்மேல், ஒளிய இடமில்லாமல். வெள்ளையில் எடுக்கும்போது கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

தொடக் கூடாத ஒரு நேரம்

இறக்கை முழுதாக வளராத குஞ்சு ஒன்று தலைகீழாகத் தொங்கி, உணவும் எடுக்காமல் அசையாமல் இருந்தால், அது சட்டை உரிக்கத் தயாராகிறது. குச்சியை நகர்த்தாதீர்கள், தண்ணீர் சொட்டாதீர்கள். விழுந்தால் கால்களும் இறக்கைகளும் கோணிவிடும், சில சமயம் செத்தும் போகும். தள்ளி நின்று, போனை ஓரிடத்தில் நிறுத்தி டைம்லாப்ஸ் போடுங்கள். முதுகு பிளந்து வெளிறிய உடம்பு நழுவி இறங்குவதைப் பார்க்கலாம். வெட்டுக்கிளி பிறகு திரும்பி, உரித்த சட்டையையே தின்னும்.

திருப்பி விடுவது

ஓரிரவுக்கு மேல் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வைத்திருக்கும்போது காற்றுப் போகும் பெட்டி, மருந்து தெளிக்காத இலை, பஞ்சில் கொஞ்சம் ஈரம். விடுவது அந்தி சாய்ந்தபின், விளக்குகளுக்குத் தள்ளி, செடி அடர்ந்த இடத்தில். நடுப்பகலில் திறந்த வெளியில் விட்டால் பறவைக்கு விருந்து வைத்ததாகிவிடும். விலைக்கு வாங்கிய வெளிநாட்டு இலைப்பூச்சியையோ அதன் விதைபோன்ற முட்டைகளையோ வெளியே போட்டுவிடக் கூடாது.

குறிப்பு எழுதுவது

தேதி, நேரம், இடம், உட்கார்ந்திருந்த செடி, நீளம், ஆணா பெண்ணா, என்ன செய்துகொண்டிருந்தது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் இனம் சொல்லத் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அவர்களுக்கு உங்கள் அழகான முகப்படம் அவ்வளவாக உதவாது. பக்கவாட்டு, மேற்புறம், கழுத்துத் தகடு, வயிற்று நுனி ஆகியவை வேண்டும்.

ஆண் பெண் குறிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 2020-இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லலாம். நியூகினியின் நானோஃபில்லியம் என்ற இலைப்பூச்சிப் பேரினத்தில் அதுவரை ஆண்களை மட்டுமே பார்த்திருந்தார்கள். ஃபில்லியம் அசேகியென்ஸ் என்று வேறு பெயரில் வைத்திருந்த இனத்தில் பெண்கள் மட்டுமே கிடைத்திருந்தன. மாண்ட்ரியல் பூச்சியகத்தில் அந்தப் பெண் வகையின் முட்டைகள் பொரிந்தபோது, வெளியே வந்த ஆண்கள் நானோஃபில்லியத்தின் சாயலில் இருந்தன. ஆணும் பெண்ணும் அத்தனை காலமும் வெவ்வேறு பெயரில் இருந்திருக்கின்றன.

ஆகவே படங்களை வடிகட்டும்போது அவசரப்படாதீர்கள். வயிற்று நுனி தெரிகிற மங்கலான படம் ஒன்று இருந்தால் அழிக்க வேண்டாம். நான் அப்படி அழித்த ஒன்றுக்காக, அதே ஜன்னலில் அதே வகைப் பூச்சி மறுபடி வருமென்று மூன்று மழைக்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.